பின்னங்கால் தடம்

மூன்று பந்து. நந்தினிக்குப் பயிற்சியாளர் பாக்கியராஜ் சார் வைத்த கெடு அவ்வளவுதான். மூன்றில் ஒன்றையாவது கண்ணை மூடாமல், பின்வாங்காமல் நின்று அடித்தால் மாவட்ட சாஃப்ட்பால் அணியில் அவள் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் சாயங்காலம் வேறொருத்தியின் பெயர் போகும். அந்த மூன்று பந்தையும் போட வேண்டியவள் மோனிகா. பந்தைக் கையில் வாங்கும்போதே அவள் அதை நழுவவிட்டாள்.

அடி வாங்கியவள் பயப்படுகிறாள், சரி. போட்டவளுக்கு என்ன இத்தனை உதறல் என்று யாரும் கேட்கவில்லை. தோழியின் முகத்தை உடைத்துவிட்டோமே என்ற வருத்தம் போல என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக மோனிகாவும் அதற்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய இதே பள்ளிக்கூட மைதானத்தில்தான் அது நடந்தது. மோனிகா விட்ட பந்து நந்தினியின் இடது கன்னத்து எலும்பை உடைத்தது. பள்ளியில் இருந்த இரண்டு ஹெல்மெட்டும் அரதப்பழசு, முகத்துக்குக் கம்பி கிடையாது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். கவரைப்பேட்டைக்கு உள்ளே நெல் போடுகிற அவள் அப்பா கலியன், ஆட்டமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று குதித்தார். அழுது அடம்பிடித்து நந்தினி திரும்பி வந்தாள். ஆனால் பந்து வரும்போதெல்லாம் அவள் கண் தானாக மூடிக்கொண்டது. பந்தைப் பார்த்து ஆடத் தெரியாதவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள்.

அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் மோனிகா.

சாஃப்ட்பாலில் பந்து போடுவது கிரிக்கெட் மாதிரி ஓடிவந்து வீசுகிற கதை இல்லை. தரையில் பதித்த ரப்பர் பலகையில் நிற்க வேண்டும். நாற்பத்து மூன்று அடி தள்ளி, பேட் பிடித்தவள் நிற்பாள். இரண்டு கையையும் ஒன்றுசேர்த்து, கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு கை ஒரு முழுச்சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழே வருகையில் பந்தை விட வேண்டும். முன்னங்கால் ஒரே எட்டு வைக்கலாம். பின்னங்கால் பலகையை உதைத்துவிட்டுத் தரையை உரசிக்கொண்டே வர வேண்டும். அந்தக் கால் குதித்து, முன்னால் போய் ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்தினால் அந்தப் பந்து செல்லாது. பாக்கியராஜ் சார் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

உரசினால் ஷூ என்னத்துக்கு ஆகும்? மோனிகாவின் வலது ஷூ மூக்கு ஒன்றரை மாதத்தில் ஓட்டையானது. அடுத்த ஜோடிக்கும் அதே கதி. அவள் அப்பா இம்மானுவேல், தான் வேலை செய்யும் ஆலையில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டை கேட் பாஸ் வாங்கி எடுத்துவந்தார். அரைவட்டமாக வெட்டி மூக்கில் ஒட்டித் தந்தார். இனிமேல் லாரி ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையாகச் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது.

அந்த ரப்பர் உரசவில்லை, தரையைக் கவ்விப் பிடித்தது. தடுக்கி விழாமல் இருக்க மோனிகா காலைத் தூக்கினாள். தூக்கிய கால் முன்னால் போய் ஊன்றியது. ஊன்றிய இடத்தில் பெல்ட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, உடம்பு மொத்தமும் முன்னால் பாய்ந்தது. பந்து பறந்தது. மைதானமே கை தட்டியது. தட்டிய கூட்டத்தில் ஒரு ஜென்மமாவது அவள் காலைப் பார்த்திருக்கலாம்! மோனிகாவுக்கு மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. கைதட்டல் இனித்தது, வாயை மூடிக்கொண்டாள்.

நந்தினி சுருண்டு விழுந்த அன்று எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். மோனிகா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கீழே பார்த்தாள். ஒழுங்காகப் போட்டால் பலகையிலிருந்து ஒரே நீளக் கோடாகத் தடம் வரும். அங்கே கோடு இல்லை. பலகைக்கு முன்னால் வெறும் மண். அதற்கும் முன்னால் ஆழமாக ஒரு பள்ளம். அங்கே நந்தினியின் மூக்கில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்க, இங்கே மோனிகா அந்தப் பள்ளத்தைக் காலால் தேய்த்து மூடினாள். அன்றிரவே பெல்ட் துண்டைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள்.

இப்போது முதல் பந்து. அவள் காலைத் தரையோடு தேய்த்து, ஒழுங்காகத்தான் போட்டாள். நந்தினி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் துள்ளினாள். பந்து கேட்சர் மெர்சியின் கையுறையில் சாதுவாகப் போய் உட்கார்ந்தது. வெயிலுக்கு ஒதுங்கி நின்ற பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது பந்துக்கும் அதேதான் நடந்தது. பாக்கியராஜ் சார் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

நந்தினி பேட்டோடு நடந்து வந்தாள். கன்னத்தில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.  கண்டுபிடித்துவிட்டாளோ என்று மோனிகா குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள்.

"பாவம் பாத்து மெதுவா போடாத மோனி. அன்னிக்குப் போட்ட மாதிரியே போடு. அத ஒருவாட்டி கண்ணத் தொறந்து பாத்துட்டன்னா என் பயம் பூடும்."

இதற்கு அவள் ஓங்கி அறைந்திருக்கலாம். அந்தப் பந்து குதித்தால்தான் வரும். குதித்துப் போட்டால் மறுபடி அதே கன்னம், அதே தகடு. போடாவிட்டால் நந்தினி வீட்டுக்குப் போவாள், தன் கண்ணையே சபித்துக்கொண்டு. சொல்லிவிட்டால்? தன் பெயரை அணியிலிருந்து அடித்துவிடுவார்கள், கலியன் வீடு ஏறி வருவார், பெல்ட் ஒட்டித் தந்த அப்பா ஊராருக்கு நடுவே தலைகுனிவார்.  

"அது செல்லாத பந்து, நந்து" என்றாள் கடைசியில். "நீ லேட்டா பாக்கல. நான்தான் கிட்ட வந்துட்டன்."

நந்தினிக்கு விளங்கவில்லை. மோனிகா அவளை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, பந்து இல்லாமலே அன்று செய்த மாதிரி செய்து காட்டினாள். கை சுற்றியது, கால் எழும்பியது, முன்னால் போய்ப் பொத்தென்று ஊன்றியது. பிறகு தரையைக் காட்டினாள். பலகை, வெறும் மண், பள்ளம். அதை மூடியதையும் சொன்னாள்.  பாக்கியராஜ் சார் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது, அந்த வேகத்துக்கு அவரும் கை தட்டியவர்தான்.

நந்தினி குனிந்து, பேட்டைப் பலகைக்கும் பள்ளத்துக்கும் நடுவே படுக்கவைத்துப் பார்த்தாள். முழு பேட்டும் அந்த இடைவெளிக்குள் அடங்கியது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசமா என் கண்ணு பூட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தன்டி" என்றாள். "நைனாகூட அப்டித்தான் சொல்லிக்கினு இருக்காரு."

மன்னிப்புக் கேட்க மோனிகா வாயெடுத்தாள். நந்தினி அதைக் கேட்க நிற்கவில்லை, பேட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். சார் மோனிகாவைப் பார்த்து, உன் விஷயத்தை அப்புறம் பேசுவோம், பாக்கி ஒரு பந்து இருக்கிறது, போடு என்றார். குரலில் கடுப்பும் இல்லை, கனிவும் இல்லை.

மோனிகா பலகையில் ஏறினாள். கைகளை ஒன்றுசேர்த்தாள். ஆடாமல் நிற்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரம் அவள் உடம்பில் ஆடாத இடமே இல்லை. நாற்பத்து மூன்று அடிக்கு அந்தப்பக்கம் நந்தினி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோனிகா கையைச் சுற்றினாள், பலகையை உதைத்தாள், காலைத் தூக்கவில்லை. ஷூ ஓட்டை வழியாகக் கட்டைவிரல் மண்ணில் உராய்ந்து தோல் உரிந்தது. பந்து கையை விட்டுப் போனது.

நந்தினியின் கண் மூடவில்லை. பேட்டில் பட்ட சத்தம் கேட்ட அதே நொடி, பந்து மோனிகாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி வந்தது. அவளால் கையுறையைத் தூக்க முடியவில்லை, குனியக்கூட முடியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். காதை உரசுகிற மாதிரி காற்று போனது. பந்து பின்னால் எங்கோ மதிலில் மோதி விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது நந்தினி அசையாமல் பேட்டோடு நின்றிருந்தாள். வேண்டுமென்றே அடித்தாளா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. 

"இன்னொன்னு போடு" என்றாள் நந்தினி.