கருவாட்டு ராணிக்குச் சூட்டிய பட்டம்

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கத்தில் நின்றது. டில்லிபாபு படியேறி உள்ளே வருவதற்குள் பின் ஸீட்டிலிருந்து சிரிப்பு வெடித்தது.

"வாங்க, வாங்க ஓட்டை வாளி! தண்ணி ஒழுவாம உக்காருங்க!" என்றான் ஜோயல்.

மற்றவர்களும் கைதட்டினார்கள். டில்லிபாபு முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தான். 'குசும்புக்கோட்டை' விளையாட்டில் அவனுடைய வீரனின் பெயர் தார்ப்பாய் தளபதி. அந்தப் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஓட்டை வாளி' என்று மின்னியது. அதற்கும் கீழே, 'பட்டம் சூட்டியவர்: கருவாட்டு ராணி.'

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பையன்கள் பலர் அந்த விளையாட்டில் மூழ்கிக் கிடந்தார்கள். அதில் எல்லாமே கேலிதான். வாளுக்குப் பதில் கிழிந்த குடை, கேடயத்துக்குப் பதில் குக்கர் மூடி, உடம்புக் கவசத்துக்குப் பதில் பழைய சட்டி. ஒருவரோடு சண்டை போட வேண்டுமென்றால் அவர் பெயரைத் தொட்டு 'வம்புக்கு இழு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். எதிராளி அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் மாட்டி வைத்திருக்கும் குடையையும் குக்கர் மூடியையும் வைத்து விளையாட்டே அவருக்காகச் சண்டை போடும். ஒரு சுற்று புஜபலம், ஒரு சுற்று வாய்ச்சவடால், ஒரு சுற்று ஓடித் தப்புவது. அதிகச் சுற்று ஜெயித்தவர், தோற்றவருக்கு ஒரு பட்டம் எழுதிச் சூட்டலாம். ஒரு நாள் முழுக்க அதை அழிக்க முடியாது. தோற்றவரின் நண்பர்கள் எல்லோருடைய ஃபோனுக்கும் அந்தப் பட்டம் டிங்கென்று போய்ச் சேரும். சண்டை வேண்டாதவர்கள் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம்.

கருவாட்டு ராணி கொடி கட்டவில்லை. புஜபலத்தில் அவள் சுமார்தான். ஆனால் வாய்ச்சவடாலிலும் ஓட்டத்திலும் அவளை யாராலும் தொட முடியவில்லை. அந்த வாரம் டில்லிபாபு அவளிடம் திரும்பத் திரும்பத் தோற்றான். 'தார்ப்பாய்க்குள் பதுங்கிய எலி', 'நமுத்துப்போன அப்பளம்', இப்போது 'ஓட்டை வாளி'. அவள் எழுதும் பட்டங்களைப் படித்தால் தோற்றவனுக்கே சிரிப்பு வரும். டில்லிபாபுவுக்கு வரவில்லை.

"பொம்பள கையில இத்தினி வாட்டி அடி வாங்கிகினு கீறியே மச்சான்," என்று ஜோயல் ஏற்றிவிட்டான்.

"எவ இவ?" என்று டில்லிபாபு அவளுடைய அறிமுகத்தைப் படித்தான். 'சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்தும் உயிர் பிழைத்தவள்' என்று அவள் தன்னைப் பற்றி எழுதியிருந்தாள். "கம்பெனிப் பொண்ணுதான் போல. இரு, ஞாயித்துக்கெழம இவளுக்கு வச்சிக்கிறேன்."

ஒவ்வொரு சண்டையிலும் சட்டிக் கவசம் கொஞ்சம் தேயும் என்பது விளையாட்டின் விதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோயலும் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவளை வம்புக்கு இழுத்தார்கள். எல்லோரும் தோற்றார்கள், ஆனால் அவளுடைய கவசம் ஓட்டையாகிக்கொண்டே வந்தது. கடைசியில் டில்லிபாபு இறங்கினான், ஜெயித்தான். பட்டம் எழுதும் கட்டம் திறந்தது.

"சும்மா சட்டி, பானைன்னு எழுதாத. இனிமே அவ இந்தப் பக்கமே தல வெக்கக் கூடாது," என்று ஜோயல் ஃபோனில் சொன்னான்.

டில்லிபாபு சிரித்துக்கொண்டே எழுதினான்: 'ஹாஸ்டல் ராணி. நைட் ஷிப்டில் யார் கூப்பிட்டாலும் வருவாள்.'

பொத்தானை அழுத்திவிட்டு, அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் வேலை செய்த லைனில் கார் கதவுகளுக்கு உள்பக்கப் பலகை பொருத்துவார்கள். டில்லிபாபு ஸ்க்ரூ முடுக்குவான். அடுத்த இடத்தில் நிற்கும் கனகலட்சுமி அவற்றைச் சரிபார்த்துப் பச்சைப் புள்ளி வைப்பாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள். "அண்ணே, இந்த ஸ்க்ரூவ எதுக்கு இப்பிடிக் கழுத்த நெரிக்கிய? அதும் பாவம்லா!" என்பாள். அவள் பேச்சில் அலுப்புத் தெரியாமல் ஷிப்டு ஓடிவிடும்.

திங்கட்கிழமை அவள் பேசவில்லை. கண் இமைகள் வீங்கியிருந்தன.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டான் டில்லிபாபு.

"ஒண்ணுமில்லண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்து எல்லோரும் கேட்டை விட்டு வெளியே வந்தார்கள். பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. செக்யூரிட்டி அறையை ஒட்டி, கசங்கிய சட்டையோடு ஒருவன் நின்றிருந்தான். அவன் கையில் ஒரு பெண்ணின் துணிப்பையும், வாளியோடு சேர்த்துக் கட்டிய பாயும். கனகலட்சுமி அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய அண்ணன் சுடலை.

"ஏட்டி, ஹாஸ்டல்ல ஒன் சாமானெல்லாம் எடுத்துட்டேன். வா, ஊருக்குப் போவோம். வேலயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்," என்றான் அவன்.

"எதுக்குண்ணே? நான் என்ன செஞ்சேன்?"

"என்ன செஞ்சியா? மாமன் மவன் ஃபோனுக்கு வந்திருக்கு. அவன் சொந்தக்காரன் எல்லாத்துக்கும் அனுப்பிட்டான். அம்ம வாசலத் தாண்டல. சோறு திங்கல."

சுடலை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் தடுமாறினாள். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"இன்னாங்க இது, நடுரோட்ல பொண்ணு கையப் புடிச்சி இஸ்துகினு? நான் இவங்க லைன்லதான் வேல செய்றேன். இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க."

"நீங்களே பாருங்க அண்ணாச்சி. இதப் பாத்துட்டு எந்த அண்ணன் சும்மா இருப்பான்?" என்று சுடலை ஃபோனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கருவாட்டு ராணி. கீழே அந்த வரி. அதற்கும் கீழே, 'பட்டம் சூட்டியவர்: தார்ப்பாய் தளபதி.'

டில்லிபாபுவுக்குக் காது அடைத்துக்கொண்டது. பஸ்களின் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. அவன் கனகலட்சுமியைப் பார்த்தான். தினமும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சிரித்த பெண்.

"அது ஒரு வெளையாட்டுண்ணே," என்று அவள் அழுதாள். "எவனோ தெரியாதவன் எழுதுனது. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதவனுக்கு நீ ஹாஸ்டல்ல கெடக்கது எப்பிடிட்டி தெரியும்? நைட் ஷிப்டுக்குப் போறது எப்பிடித் தெரியும்? பழகுனவன்தான் எழுதியிருக்கான். என்கிட்டயே பொய் சொல்லுத!"

பின்னாலிருந்து ஜோயல் டில்லிபாபுவின் சட்டையை இழுத்தான். "மச்சான், வாயத் தொறக்காத. பஸ்ஸு கெளம்புது, வா," என்று காதோரம் கிசுகிசுத்தான்.

டில்லிபாபு இரண்டடி பஸ்ஸை நோக்கி நடந்தான். ஏறிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பின்னால் சுடலை கையை ஓங்குவதும், செக்யூரிட்டி "ஏய், ஏய்!" என்று கத்துவதும் கேட்டது. அவன் கால்கள் நின்றுவிட்டன.

"அவங்கள அடிக்காதீங்க," என்று திரும்பிக் கத்தினான். "அத எழுதினது நான்."

சுடலைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் விட்ட அறையில் டில்லிபாபு செக்யூரிட்டி அறைச் சுவரில் போய் மோதினான். அவன் கையைத் தூக்கவில்லை.

"இவங்கதான் அந்த ராணின்னு எனக்குத் தெரியாதுங்க. தோத்துப்போன கடுப்புல எழுதினேன். அதுல ஒரு எழுத்துகூட நெசம் இல்ல."

"யாருன்னே தெரியாத புள்ளயப் பத்தியால இப்பிடி எழுதுன?" என்று கேட்ட சுடலையின் குரல் பாதியில் உடைந்தது.

கனகலட்சுமி அழுகையை நிறுத்தியிருந்தாள். கோபத்தைவிட நம்ப முடியாமைதான் அவள் முகத்தில் இருந்தது.

"நீங்களாண்ணே?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை, வாங்கிய அறையைவிட அவனுக்கு வலித்தது.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அவராவது என்னத் தெரியாம எழுதுனாரு. நீ என்னத் தூக்கி வளத்தவன்தான? நீ எப்பிடிண்ணே நம்புன?"

சுடலையின் கையிலிருந்து பையையும் பாயையும் வாங்கிக்கொண்டு அவள் ஹாஸ்டல் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாகக்கூட இருவரையும் பார்க்கவில்லை.

மறுநாளே அவள் கம்பெனியில் புகார் கொடுத்தாள். விசாரணையில் டில்லிபாபு எதையும் மறைக்கவில்லை. சில வாரங்கள் அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு வேறு லைனுக்கு மாற்றினார்கள்.

"கேம்ல எழுதினதுக்குப் போயி இவ்ளோ சீனா? கொடி கட்டாம சண்டைக்கு வந்தது அவதானே?" என்றான் ஜோயல்.

"சண்டைக்குத்தான்டா வந்தா. இதுக்கா வந்தா?" என்று சொல்லிவிட்டு டில்லிபாபு அவனோடு உட்காருவதை விட்டான்.

விளையாட்டில் அந்தப் பட்டம் ஒரே நாளில் தானாக அழிந்துவிட்டது. அவள் ஊரில் அழியவில்லை. டில்லிபாபு தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தான் செய்ததை ஒத்துக்கொண்டு ஒரு வீடியோ எடுத்துச் சுடலைக்கு அனுப்பினான். சுடலை அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். சிலர் நம்பினார்கள். சிலர், "பணம் குடுத்துப் பேச வச்சிருப்பாவ" என்றார்கள். கனகலட்சுமியின் அம்மா மகளோடு ஃபோனில் பேசவே வெகுநாள் ஆயிற்று.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கனகலட்சுமியின் எதிரே டில்லிபாபு தயங்கி நின்றான்.

"எனக்கும் ஒரு தங்கச்சி கீதும்மா. ஒன்ன என் தங்கச்சியா நெனச்சிருந்தா அப்டி எழுதியிருக்கவே மாட்டேன். மன்னிச்சிடு."

அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இன்னும் ஒங்களுக்குப் புரியல. தங்கச்சியா நெனச்சாத்தான் மரியாதயா? அப்ப யாருக்குமே தங்கச்சியா இல்லாதவளப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதலாமா? ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருக்கது யாரு, எவருன்னு தெரிய வேண்டாம். ஒரு மனுஷின்னு தெரிஞ்சாப் போதும். கேலி பண்ணணுமா, பண்ணுங்க. தோத்தவளும் சேந்து சிரிக்க மாதிரி பண்ணுங்க. அவ அழுதா அது வெளையாட்டு இல்ல."