பின்சந்துக் கதவு

நான்கு மொழிக்காரர்கள் கூடும் சபை எங்களுடையது. முன்பு டயர் கிடங்காக இருந்த இடம். மூன்று முறை வெள்ளையடித்தும், மழை பெய்தால் ஜெபத்துக்கு நடுவே டயர் வாடை அடிக்கும். ஞாயிறு அன்று ஒரே பாட்டை நான்கு மொழியிலும் ஒரே நேரத்தில் பாடுவோம். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

சபை இருக்கும் தெருவில் விடிந்ததிலிருந்து முப்பது பெண்களாவது வேலை செய்கிறார்கள். கூட்டுகிறவர்கள், காய் விற்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள். ஒதுங்க ஓர் இடம் கிடையாது. என் மனைவி அந்தத் தெருவைத்தான் கூட்டுகிறாள். ஐந்து மணிக்குப் போனால் மதியம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் தெருப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டலாம் என்று சபையில் பேச்சு வந்ததும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். கொத்து வேலை முழுக்க என்னுடையது. திட்டம் போட ஒரு கமிட்டி, மொழிக்கு ஒருவராக நான்கு பேர். யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று பாஸ்டர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். தமிழுக்கு நான்.

பகலெல்லாம் வெளியே வேலை, அதற்குமேல் இரண்டு மணி நேரம் இங்கே. வீட்டுக்குப் போனால் டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை வராது. மூன்று வாரத்தில் ஹாலுக்குள்ளேயே பின்சுவரை ஒட்டி இரண்டு அறை எழுந்தது. கதவுக்கு மேலே நான்கு மொழியில் போர்டு. தமிழ் வரியை நானே எழுதினேன். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

திறந்து பத்து நாளாகியும் ஒருத்திகூட வரவில்லை.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் யாரும் வரலேன்னா நாற்காலி அடுக்கிக்கலாம்” என்றார் பாஸ்டர். அவருடைய தாய்மொழி வேறு. எங்களோடு பேசிப் பேசியே தமிழைப் பிடித்தவர்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

“உனக்காகத்தானே கட்டினேன். நீயே போகலேன்னா எப்படி?”

“போகலாமே. முன்வாசல்ல நுழைஞ்சு, பாட்டுப் பழகுற ஆம்பளைங்களைத் தாண்டி, கையில விளக்குமாத்தோட ஹாலை முழுசா நடக்கணும். எதுக்குப் போறேன்னு மைக்குல சொல்லிட்டா இன்னும் வசதி.”

“போர்டு வெச்சிருக்கோமே.”

“படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அவசரம் வருமா?”

“மத்தவங்க ஏன் வரலை?”

“காய்க்கார அக்கா பயப்படுறாங்க. போயிட்டு வெளிய வந்தா, கையில ஒரு புத்தகத்தைக் குடுத்து ஞாயித்துக்கிழமை வான்னு சொல்லிடுவீங்களாம்.”

சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. “இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“யார் கேட்டா? நாலு பாஷைக்கு நாலு மீசையை உக்கார வெச்சீங்க.”

மறுநாள் பாஸ்டரிடம் போய், பின்சுவரை உடைத்துச் சந்துப் பக்கம் கதவு வைக்கவேண்டும், உள்கதவை அடைத்துவிடவேண்டும் என்றேன்.

“உள்ள கதவு இருந்தாத்தான் நாம பாத்துக்க முடியும்னு கமிட்டி முடிவு பண்ணுச்சே.”

“அந்தக் கமிட்டியில நானும்தான் இருந்தேன் பாஸ்டர். எனக்கும் உறைக்கலை.”

ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா திரும்பினார். அவரும் வேறு மொழிக்காரர். தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார்.

“நான் இந்தச் சபைதான். ஞாயிறு நானே அங்க போகலை. வீடு வரைக்கும் பொறுத்துப் போறேன்.”

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

“எத்தனை நாள் ஆகும்?”

“ஒரே நாள்.”

சனிக்கிழமை உடைத்தேன். கலவையை அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன், சுவர் லேசில் விடவில்லை. கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் வந்து அவரவர் மொழியில் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே இடிந்த செங்கல்லை அள்ளிப் போட்டார்கள். இருட்டுவதற்குள் சந்துப் பக்கம் கதவு வைத்து, உள்கதவை அடைத்துவிட்டேன். சாவி ஒன்று என் மனைவியிடம், ஒன்று காய்க்கார அக்காவிடம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் சந்து முனையில் நின்றேன்.

“நீங்க இங்க நின்னா எவ வருவா? உள்ள போங்க” என்று மனைவி விரட்டினாள்.

ஹாலுக்குள் போய் உட்கார்ந்தேன். கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம், வாளியில் தண்ணீர் விழும் சத்தம். ஒன்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. சந்தில் இரண்டு மூன்று மொழிகளில் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

மதியம் அவளே ஹாலுக்கு வந்தாள்.

“உள்ள பை மாட்ட ஒரு ஆணிகூட இல்லை. அக்கா காசுப் பையைக் கழுத்துலயே போட்டுக்கிட்டு உக்காரணுமா?”

“அடிச்சிடறேன்.”

“உங்க உயரத்துக்கு அடிச்சிடாதீங்க.”

சுத்தியலையும் ஆணிகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். “எங்க அடிக்கணும்னு நீயே வந்து காட்டு” என்றேன். அவள் முன்னால் நடந்தாள்.