மெற்றில்டாவின் ஒறுத்தல்

தவக்காலத்தில் காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுப்பார்கள். மெற்றில்டா மட்டும் வாங்கமாட்டாள். அவளுடைய தைரொயிட் சுரப்பியை அவள் உடம்பே எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தது. அதற்கான குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுத்தான் பூசைக்கு வருவாள். உடனே தேத்தண்ணி குடிக்கக் கூடாது.

சனங்கள் அதை ஆசையை அடக்கும் தவக்கால ஒறுத்தல் என்று எடுத்துக்கொண்டார்கள். துறைமுகக் காற்றே அனலாக வீசும் பங்குனியில் அந்த நோய் தரும் குளிருக்கு அவள் சுவெற்றர் போட்டதையும் அதில் சேர்த்தார்கள். பிரசங்கத்தில் தூங்கி விழுந்தால் தியானமாம். வீங்கின மூஞ்சி, சோம்பேறி என்று வீட்டில் தன்னைத்தானே திட்டிக்கொள்பவளுக்குப் புனிதையாக இருப்பது சுகமாகத்தான் இருந்தது. நோய், வருத்தம் என்றால் 'ஐயோ பாவம்' என்பார்கள். ஒறுத்தல் என்றால் உட்காரக் கதிரை கொண்டுவந்து போடுகிறார்கள். பிள்ளையின் சோதனைக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லிக்கூட ஒருத்தி வந்தாள். மெற்றில்டா கூச்சமில்லாமல் தலையாட்டினாள்.

குருத்து ஞாயிறன்று, படகு வைத்திருக்கும் பேணாட் அண்ணன் அவளருகே வந்து நின்றார். மலை மாதிரி ஆள். அவர் கையிலும் தேத்தண்ணி இல்லை.

"தங்கச்சி, உங்கட குளிசை அம்பதா, நூறா?" என்றார் மெதுவாக.

மெற்றில்டாவின் ஒளிவட்டம் கழன்று விழுந்தது. "நூறு. அண்ணன், உங்களுக்குமா?"

"ஓம். பொம்பிளையளின்ர வருத்தமெண்டு சிரிப்பினம், அதான் ஆரிட்டையும் சொல்லேல்லை. நாலு வருசமா நானும் ஒறுத்தல்தான்."

தேத்தண்ணி குடிக்கும் நேரம் வரும்வரை இரண்டு புனிதர்களும் அந்த வருத்தத்தோடு கூடவே வரும் மலச்சிக்கலைப் பற்றி மனம்விட்டுக் கதைத்தார்கள்.