நவமணி எடுத்த பக்கம்

என் மகள் நவமணி பேச ஆரம்பித்தால் எதிரே நிற்பவருக்கு வாய் திறக்க வழி இருக்காது. எல்லாம் அவள் அப்பா கொடுத்த செல்லம். இந்த வருஷம் அவளுக்குப் படிவம் ஐந்து, பள்ளியின் கடைசி வருஷம்; எஸ்.பி.எம். பரீட்சை. ஆங்கிலத் தாளில், படிப்பவர் மனம் மாறும்படி ஒரு கருத்தை எடுத்து எழுதச் சொல்வார்களாம். டியூஷன் டீச்சர் தனேஸ்வரி பாதிப் பிள்ளைகளுக்கு 'மேலே படிப்பதே நல்லது' என்றும், மீதிப் பேருக்கு 'படிவம் ஐந்து முடிந்ததும் வேலைக்குப் போவதே நல்லது' என்றும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். நவமணிக்கு விழுந்தது வேலைக்குப் போகிற பக்கம். டீச்சராகப் போகிறேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறவளுக்கு!

வீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும், தெரிந்த உதாரணங்களையே சொல்ல வேண்டும் என்பது டீச்சர் கட்டளை. அகப்பட்டவர் என் வீட்டுக்காரர் சுகுமாறன். ஈஜோக் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிவிட்டு வந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் தமிழிலேயே பேசினாள். இது பயிற்சி என்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அப்பாவுக்குக் காலு வீங்கிப் போச்சு. அம்மா கேண்டீன்ல பாத்திரம் கழுவிக் கழுவி கையெல்லாம் புண்ணு. தம்பிக்குக் கண்ணாடி மாத்தணும். இதெல்லாம் பாத்துக்கிட்டு நான் மட்டும் புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போனா நியாயமாப்பா?"

அதோடு விட்டாளா? பரீட்சைத் தாளில் வாசிப்புப் பகுதிக்குக் கீழே கேட்பார்களே, அதுபோலக் கேள்வியும் கேட்டாள். "நான் ஏன் வேலைக்குப் போகணும்? காரணம் சொல்லுங்க பாப்போம்." அவர் ஒன்று விடாமல் சொன்னார். "அப்பாவுக்கு முழு மார்க்!" என்று கைதட்டினாள். அடுப்படியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே நீல நிறத்தில் தொழிற்சாலைச் சட்டை.

"புக்கிட் பெருந்துங் ஃபேக்டரியில தேவன் சூப்பர்வைசரா இருக்கான்ல, அவன்கிட்ட பேசிட்டேன். பரீட்சை முடிஞ்சதும் வரச் சொல்லிட்டான்மா. வாக்கு குடுத்துட்டேன்."

நவமணி பதறி எழுந்தாள்.

"அப்பா, அது பயிற்சி லா! டீச்சர் குடுத்த பக்கம்பா! நான் படிக்கணும்!"

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்று நான் கத்தினேன். "புள்ள பரீட்சைக்குப் பேசினத நம்பி யாராவது வாக்கு குடுப்பாங்களா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"சரிம்மா, பயிற்சின்னே வச்சுக்குவோம். நீ சொன்னதுல எது பொய்? ஒன்னே ஒன்னு சொல்லு. நாளைக்கே சட்டையத் திருப்பிக் குடுத்துடுறேன்."

நவமணி அவர் முழங்காலைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். சொல்லடி, ஏதாவது சொல்லித் தொலையடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நானும் அவளுக்காகத் தேடினேன். ஒரு பொய்யும் அகப்படவில்லை.

அவள் அந்தச் சட்டையைப் பிரித்து, தோளில் வைத்து அளவு பார்த்தாள்.