காலை எட்டு மணி வெளிச்சம்

வீடு இன்னும் கட்டப்படவில்லை. ஆனாலும் மூன்று வாரமாக அவள் அதற்குள்தான் நடந்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் மௌஸை உருட்டினால் வாசல் வழியாக உள்ளே போய்விடலாம். கொஞ்சம் கை தவறினால் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மனையில் நிற்க வேண்டியதுதான். சாப்பாட்டு மேஜையும் அதற்குப் பின்னால் தோட்டமும் ஒரே சட்டத்துக்குள் அழகாக விழுகிற இடம் எது என்று தேடி, ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று நகர்ந்து, காமிராவை அங்கே நிறுத்திச் சேமித்துவிடுவாள். அதற்கு ஒரு பெயர் வைப்பாள். அப்புறம் அந்தப் பெயரைச் சொடுக்கினால் போதும், அதே இடத்தில், அதே வெயிலில் போய் நின்றுவிடலாம். இப்படிப் பதின்மூன்று காட்சிகள் ஆகியிருந்தன. ஆபீஸில் அவளுக்குப் பெயரே காமிரா என்றாகிவிட்டது.

"என்ன காமிரா, இன்னிக்கு எந்த ரூம்ல குடித்தனம்?" என்றார் பக்கத்து மேஜை டிராஃப்ட்ஸ்மேன்.

"பால்கனி அண்ணே. காத்து அள்ளிக்கிட்டுப் போவுது."

"செருப்பை வெளிய விட்டியா? புதுத் தரை."

அந்த வீட்டைக் கட்டப்போகிறவர்கள் வீட்டில்தான் அவள் அம்மா பன்னிரண்டு வருஷமாகச் சமைக்கிறாள். அங்கேயே தங்கல், ஞாயிறு மட்டும் மகளோடு. ஆர்க்கிடெக்டிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே வீட்டுக்காரம்மாதான். "அந்த நன்றிய மறந்துராதடி" என்று அம்மா வாரம் தவறாமல் சொல்வாள், மகள் என்னமோ தினமும் மறந்துபோகிறவள் மாதிரி.

பழைய வீட்டில் அம்மா படுப்பது சமையல்கட்டுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்கும் பழைய பேப்பர்க் கட்டுகளுக்கும் நடுவே. ஜன்னல் கிடையாது. இரண்டு வருஷமாக இருமல். ராத்திரி மூச்சு இழுக்கிறது என்று போனதற்கு டாக்டர், "மாத்திரை எழுதித் தரலாம்மா, காத்தை எழுதித் தர முடியுமா? நல்லா காத்தோட்டமான இடமா பாத்துப் படுங்க" என்று சொல்லி அனுப்பினார். அதற்கப்புறம்தான் புது வீட்டு வரைபடம் தயாரானது. சமையல்கட்டுக்குக் கிழக்கே எட்டுக்கு ஒன்பது அடியில் ஓர் அறை. அதில் ஒரு ஜன்னல். வெளியே ஒரு பெரிய மரம். "உனக்குத்தான்" என்று வீட்டுக்காரம்மா சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தலைய எந்தப் பக்கம் வெச்சுப் படுத்தா மரம் தெரியும்?"

"எப்படிப் படுத்தாலும் தெரியும்மா."

"கதவு திறக்கறப்போ கட்டில்ல இடிக்காதே?"

"இடிக்காது."

"கொசுவலை அடிச்சிருவாங்களா?"

"எம்மா, அங்க இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கலம்மா!"

"கேட்டு வெச்சுக்கிறேன்டி, என்ன இப்போ" என்று அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது அவள் அந்த அறைக்குள் போனாள். ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டாள். காமிராவைத் தலையணை உயரத்துக்கு இறக்கி, ஜன்னல் பக்கம் திருப்பினாள். சூரியனைக் காலை எட்டு மணிக்கு நகர்த்தினாள். வெளிச்சம் இலைகளுக்கு இடையே நுழைந்து, தரையில் நடுங்கி, கட்டிலின் கால்மாட்டில் வந்து படுத்துக்கொண்டது. அவளுக்குச் சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. அம்மாவின் கண்ணுக்குள் படுத்துக்கொண்டு அம்மாவின் மரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். இருமல் சத்தமே இல்லாத அறை. நிஜமாகவே மூச்சு லேசாக வந்தது.

அதையும் சேமித்தாள். ஆபீஸில் எல்லோருக்கும் இப்படிச் சொந்தக் காட்சி ஒன்றிரண்டு உண்டு. டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஓர் இடம். ஆனால் சொந்தக் காட்சி என்றால் அதன் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முன்னால் காட்சிகள் வரிசையாக ஓடும்போது அதுவும் சேர்ந்து ஓடும். ஆர்க்கிடெக்ட் கூப்பிட்டார் என்று அவசரமாக எழுந்தவள் டிக்கை எடுக்க மறந்துபோனாள்.

புதன்கிழமை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வாசல், கூடம், படுக்கையறை என்று ஒவ்வொன்றாக வந்துபோயிற்று. வீட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பதினான்காவதாக அந்த ஜன்னல் வந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "எவ்ளோ அழகா இருக்கு! இது எந்த ரூம்?"

ஆர்க்கிடெக்ட் அவளைப் பார்த்தார். "அம்மா ரூம்... எங்கம்மா படுக்கற ரூமுங்க" என்றாள் அவள்.

"அட, அதுவா? வீட்லயே இதுதான் நல்ல வெளிச்சமா இருக்கும்போல. இங்க என் செடிங்களை வெச்சா எப்படி இருக்கும்! பழைய வீட்ல பாதி வாடிப்போச்சு. செடிக்கு வெளிச்சம் வேணும்ல?"

"தாராளமா வைக்கலாம் மேடம்" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"மேடம், எங்கம்மாவுக்கு டாக்டர்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"உங்கம்மாவுக்கு என்னம்மா, எட்டு மணிக்கு அடுப்பு முன்னாடில்ல நிப்பா? ராத்திரி படுக்கத்தானே வர்றா. தூங்கறப்போ கண்ண மூடிக்கத்தானே போறா, ஜன்னல் எதுக்கு?" வீட்டுக்காரம்மா பிரியமாகத்தான் சிரித்தார். "நீ எவ்ளோ அழகா எடுத்திருக்க! நீ காட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சேயிருக்காது."

அந்தப் பாராட்டு செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர்கள் போனதும் ஆர்க்கிடெக்ட், "மாடிப்படிக்குக் கீழ ஒரு கதவு வெச்சு மூடிடு. அந்தம்மா அங்க படுத்துக்கட்டும்" என்றார்.

"அதுக்கு வியூ சார்?"

"அதுக்கெல்லாம் எதுக்கு வியூ?"

ஆனாலும் அவள் வைத்துப் பார்த்தாள். தலையணை உயரத்தில் காமிராவை நிறுத்தி எந்தப் பக்கம் திருப்பினாலும் திரை முழுக்கச் சாம்பல் நிறம்தான். பின்னால் தள்ளிப் பார்க்கலாம் என்றால் இடமில்லை, சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். சேமிக்காமல் மூடினாள்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போயிற்று. அம்மா திரைச்சீலைக்கு என்ன நிறம் நன்றாயிருக்கும் என்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவள், "நீலம்" என்று மட்டும் சொன்னாள். தன் கையாலேயே அம்மாவின் ஜன்னலைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டதை எந்த வாயால் சொல்வது?

கடைசி ஒப்புதலுக்கு வந்த அன்று வீட்டுக்காரம்மா அம்மாவையும் கூட்டிவந்திருந்தார். "நீயும் பாரு, நீதானே பெருக்கித் துடைக்கப்போற" என்றார். அம்மா இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். மகள் திரும்பாமல் காட்சிகளை ஓடவிட்டாள்.

வாசல் வந்தது, கூடம் வந்தது. அப்புறம் அந்த ஜன்னல். கட்டில் இருந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தொட்டிகள், இலைகள் மேலெல்லாம் எட்டு மணி வெளிச்சம்.

"இதானே?" என்றாள் அம்மா மெல்ல.

"ஆமா, இதான் செடி ரூம்" என்றார் வீட்டுக்காரம்மா. "காலைல எழுந்ததும் முதல்ல இதுக்குத் தண்ணி ஊத்திடணும்."

"சரிங்கம்மா" என்றாள் அம்மா. இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் நின்றாள். படுக்கையறை, பால்கனி, மொட்டைமாடி. எல்லாம் முடிந்ததும் காட்சிகள் வழக்கம்போல மறுபடி வாசலிலிருந்து தொடங்கின. வீட்டுக்காரரும் ஆர்க்கிடெக்டும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நகரவில்லை. குனிந்து மகளின் காதருகே, "என் ரூம் எப்பக் கண்ணு வரும்?" என்று கேட்டாள்.

திரையில் கூடம் வந்திருந்தது. மாடிப்படி முழுசாகத் தெரிந்தது. அதன் கீழே ஒரு சின்னக் கதவு, சுவரின் நிறத்திலேயே, மூடியிருந்தது.