ஒரு சீட்டு மட்டும் குட்டை

1

இந்தக் கதை எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்த பெண், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சத்தியமா பார்டர்ல கை வைக்க மாட்டேன் அண்ணி" என்றார். எந்த பார்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் வீட்டுக்குப் போய் யோசிக்கிற ரகம் நான். கண்ணாடியைக் கொடுக்கும்போது அவராகவே, "டாரட் சீட்டு சார்" என்றார். மீதி முழுவதும் நான் இட்டுக்கட்டியது.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் நாத்தனார்—

வேண்டாம். மழையில் ஆரம்பித்தால் யாராவது ஜன்னலோரம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

டாரட் என்பது எதிர்காலம் பார்க்கும் படச்சீட்டு. அதைச் சேகரிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. படத்தைச் சுற்றி வெற்றுக் கரை வேண்டும் என்பவர்கள், படம் விளிம்புவரை ஓட வேண்டும் என்பவர்கள். (கட்டுரை வாடை அடிக்கிறது. இருக்கட்டும், இது தெரியாவிட்டால் பின்னால் வரும் சண்டை புரியாது.)

அண்ணி கரைக் கட்சி. "கட்டைவிரல் வைக்க ஒரு இடம் வேணாமா? இல்லன்னா ராணி மூஞ்சியிலதான் வைக்கணும்."

நாத்தனார் எதிர்க்கட்சி. "வெள்ளை பார்டர் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு அண்ணி. கறுப்பு பார்டரோ, கொஞ்ச நாள் கலைச்சா ஓரமெல்லாம் வெளுத்து எலி கடிச்ச மாதிரி ஆயிடுது."

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டார்: "நீங்க சீட்டுல எதிர்காலம் பாக்கறீங்களா, ஓரம் பாக்கறீங்களா?"

"எதிர்காலம் தெரிஞ்சதுதானே? நீங்கதான் பாத்திரம் கழுவப்போறீங்க" என்றார் அண்ணி.

(இவ்வளவு அடைப்புக்குறி போடுகிறவன் எந்தக் கட்சி என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.)

3

ஒரு சீட்டுக்கட்டு மட்டும் இருவருக்கும் பொது. வரைந்தவர் தொழிலையே விட்டுவிட்டார், இனி அச்சாகாது. பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். ஒரு மாதம் அண்ணி வீட்டில், ஒரு மாதம் நாத்தனார் வீட்டில். வெள்ளைக் கரை, உள்ளே மெல்லிய தங்கக் கோடு. வெட்டக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அந்தக் கட்டு வருவதற்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"சாப்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

கல்யாணத்திலிருந்து அப்படித்தான். கட்டு வந்த பிறகு அண்ணன் போனைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. ஆகவே, இந்தக் கதையில் கெட்டுப்போகக்கூடியது என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

4

நாத்தனார் வெட்டினார்.

ஒன்றே ஒன்றுதான். சேகரிப்பவர்கள் குழுவில் யாரோ கரையை வெட்டிய சீட்டுகளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பார்த்ததும் கை பரபரத்தது. ஒரு சீட்டை மட்டும் வெட்டிப் பார்க்கலாமே, மாதிரிக்கு.

எந்தச் சீட்டு? முதலில் 'மரண'த்தை வெட்ட வைத்தேன். நாடகத்தனமாக இருந்தது. 'காதலர்கள்' அதைவிட மோசம். கடைசியில் 'கோப்பை நான்கு' என்று ஒதுக்குப்புறமான ஒன்று அகப்பட்டது. மரத்தடியில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரோ கோப்பை நீட்டுகிறார்கள், இவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அண்ணி இதைத் தேடவா போகிறார் என்று நாத்தனார் நினைத்தார்.

ஸ்கேல் வைத்து, பிளேடால் நாலு பக்கமும் இழுத்தார். கரை போனதும் மரம் சீட்டுக்கு வெளியேயும் வளர்ந்துகொண்டு போவது போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ரசித்தார்.

பிறகு அதைக் கட்டுக்குள் செருகினார். அப்போதுதான் உறைத்தது. சீட்டு குட்டை. இனி யார் கலைத்தாலும் விரல் அந்தப் பள்ளத்தில் இடறும். வெட்டினால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையும் வெட்டக் கூடாது. இது எந்தச் சேகரிப்பாளருக்கும் தெரிந்ததுதான். நாத்தனாருக்கும் தெரியும், வெட்டி முடிக்கும்வரை ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

மிச்சத்தையும் வெட்டிவிடலாமா என்று பிளேடை எடுத்தார். வைத்தார். எடுத்—

5

மாதம் முடிந்தது. அண்ணி வந்தார்.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். முதுகில் ஒரு கணு பிசகியிருந்தாலும் விரலால் கண்டுபிடித்துவிடுவார். (கதைக்கு வசதியாக இருக்கிறதே என்பீர்கள். ஆமாம். முந்தைய பிரதியில் வங்கியில் வேலை பார்த்தார். கட்டைத் தொட்டார், ஒன்றும் தெரியவில்லை, கதை அங்கேயே படுத்துவிட்டது.)

நின்றபடியே கட்டைக் கலைத்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. கை நின்றது.



(இந்த மௌனத்தை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்களே கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.)

"எதுக்குடி?"

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. எப்படி இருக்கும்னு பாக்கறதுக்கு."

"பாத்தியா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

அசிங்கமாக இருந்தது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நானும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன், நாத்தனார் வாயில் அது வரவில்லை.

"அழகா இருந்துச்சு."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல அண்ணி."

6

முடிவு அ: அண்ணி சிரித்துவிடுகிறார். இவ்வளவு மலிவாகவா?

முடிவு ஆ: அண்ணியே பிளேடை வாங்கி மிச்சத்தையும் வெட்டுகிறார். எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன், அவர் சம்மதிக்கவில்லை.

முடிவு இ: மறுநாள் போனில், "சாப்டாச்சா?" "ஆச்சு. நீங்க?" இதை எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன்.

ஆகவே நடந்தது இது. அண்ணி கட்டை நேராகத் தட்டி, கவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நான் கோபமா இருக்கேனா இல்லையா? சீட்டுகிட்டயே கேளு. கண்ணை மூடிட்டு எடு."

நாத்தனார் கண்ணை மூடினார். விரல் விளிம்பில் ஊர்ந்து போய், அந்தப் பள்ளத்தில் நின்றது. இதை எடுத்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டவன் வருவான். கோபம்தான் என்று தானே சொல்லிக்கொண்ட மாதிரி. தாண்டிப் போனால், நல்ல சீட்டே வரலாம். ஆனால் அண்ணி விரலையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளம் எங்கே என்று அவருக்கும் தெரியும், வேண்டுமென்றே தாண்டினால் பிடித்துவிடுவார்.

"ம், எடு" என்கிறார் அண்ணி. குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை.

நீங்கள் எடுங்கள்.