கிபிரின் வயிறு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரதீஸ் கையாலும் கெட்டான், வாயாலும் கெட்டான். கெட்டிக்காரக் கைதான். தன்னாமுனையில் வாவியோரம் யாருடைய பைபர் தோணி உடைந்தாலும் அவனுடைய பட்டறைக்குத்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கை சும்மா இருந்திருந்தால், பதினெட்டு வருடமாகக் காத்த பொய் இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருந்திருக்கும்.

சண்டைக்குப் பயந்து சுவிஸ் போன அக்காவுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த மகன் தனுசன்தான் கேட்டான். பதினாறாவது பிறந்தநாள். போர் விமானங்களின் சிறிய உருவங்களை அறை நிறைய ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறவன்.

"மாமா, உங்கட ஊருக்குக் குண்டு போட வந்த கிபிர் பிளேன் ஒண்டு செய்து தாங்க. நாப்பத்தெட்டில ஒரு பங்கு அளவு. படம் அனுப்பவா?"

"படம் என்னத்துக்கு மனே? எனக்குத் தெரியாத கிபிரா?" என்று போனில் சிரித்தான் ரதீஸ். தாய்மாமன் அல்லவா, தோரணை குறையலாமா?

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அக்கா சிவமணி மகனோடு வருவதாக இருந்தது. அமிர்தகழிக் குளத்தில் மூத்த மகள் கம்சாயினியின் பெயரால் முழுக வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாயும் தகப்பனும் போய்ச்சேர்ந்த ரதீஸுக்கு உலகத்தில் இருந்தது அந்த அக்கா ஒருத்திதான். கம்சாயினி செத்த அன்றும் "நீயாவது மிஞ்சினாயேடா" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதவள். அவள் மட்டும் வெறுத்துவிட்டால் தான் செத்ததுக்குச் சமம் என்று அவனுக்குத் தெரியும்.

2006 கடைசி, வாகரைப் பக்கம். ரதீஸுக்குப் பதினான்கு வயது, கம்சாயினிக்கு நாலு. நிவாரண அரிசி எடுக்கப் போகும்போது சிவமணி சொல்லிவிட்டுத்தான் போனாள். கிபிர் இரைந்தால் பங்கர் குழிக்குள் குதி. பிள்ளையை நெஞ்சுக்குக் கீழே வை. முழங்கையை ஊன்றிக் குப்புறப் படு, வாயைத் திற, காதைப் பொத்து. அந்த ஊரில் அரிவரிக்கு முன்னால் படிக்கிற பாடம் அது.

முதல் கிபிர் வந்தபோது அப்படியே கிடந்தான். குண்டு எங்கேயோ தள்ளி விழுந்தது. இரண்டாவது தாழப் பறந்து வந்தது. பாழாய்ப்போன ஆசை! ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளையை விட்டுவிட்டு மேலே ஏறி நின்றான். வெயிலில் அதன் வயிறு மினுங்கியது. இரண்டு கறுப்புப் பொட்டுகள் கழன்றன. "மாமா, எனக்கும் காட்டு" என்று பின்னால் குரல் கேட்டது. வெடித்தபோது அவனைக் கிணற்றுக்கட்டில் தூக்கி அறைந்தது. வாயில் மண்ணும் இரண்டு பல்லும் இருந்தன. பிள்ளையை அக்கா இரண்டு இடத்தில் பொறுக்கினாள்.

"நான் குப்புறக் கிடந்தன் அக்கா. ஒண்டையும் காணல்ல. அவள் கைய உதறிப்போட்டு ஓடிற்றாள்" என்று சொன்னான். பழியைச் செத்த பிள்ளையின் தலையில் கட்டினான்.

பத்து நாளில் கிபிர் ஆயத்தமாகிவிட்டது. தோணிக்கு ஒட்டி மிஞ்சிய பைபர் துண்டுகள், மேலே சாம்பல் நிறப் பெயின்ட். இறக்கைச் செட்டையின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கியிருந்தான்.

தீர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, அக்காவோடு வந்திறங்கியிருந்த தனுசனிடம் பட்டறை வாசலில் வைத்துக் கொடுத்தான். பொடியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, பைலட் இருக்கிற கண்ணாடி எங்க? மேல ஒண்டுமே இல்ல. கீழ மட்டும் எல்லாம் இருக்கு. குண்டு கொளுவுற இடம் கூட அப்பிடியே சரி!"

புகழ்ச்சி ரதீஸின் தலைக்கேறியது. "மேல்பக்கத்த ஆரு கண்ட மனே? கீழ எண்டா ஒரு ஆணியும் பிசகாது. ரெண்டு குண்டும் கழண்டதக் கண்ணால கண்டவன் நான்."

தண்ணீர்க் குழாயடியில் செம்பு விளக்கிக்கொண்டிருந்த சிவமணியின் கை நின்றது. புளியும் சாம்பலும் வடிய எழுந்து வந்தாள். மகனிடமிருந்து விமானத்தை வாங்கி வயிற்றைப் பார்த்தாள். திருப்பி வெறும் முதுகையும் பார்த்தாள்.

"குப்புறக் கிடந்தன் எண்டாய். மறுகா எப்பிடிடா கண்ட?"

ரதீஸ் விமானத்தை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"அவள் ஓடல்ல. நீதான் வெளிய வந்த. உனக்குப் பின்னால அவள் வந்தாள். அப்பிடித்தானே?"

"ஓம் அக்கா."

அவள் வீசிய விமானத்தின் செட்டை அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்தது. இரண்டாவது அடி புருவத்தில் இறங்கியது. கையைப் பிடிக்க வந்த தனுசனை அவள் தள்ளிய வேகத்தில் அவன் தோணி விளிம்பில் போய் விழுந்தான்.

"பதினெட்டு வருசம் என்ட பிள்ளைய ஏசினன்டா! சொல்வழி கேட்டிருந்தா உசிரோட இரிந்திருப்பாய் எண்டு அவள்ற படத்துக்கு முன்னால நிண்டு ஏசினன்!" மறுபடி வாயில் அடித்தாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. இந்த அடிக்காகவே அவன் இத்தனை வருடம் பயந்திருந்தான். வாங்கும்போது பயம் போய்விட்டது, வெட்கம் மட்டும் இருந்தது.

"படுடா" என்றாள். "அண்டைக்குச் சொன்ன மாதிரி இண்டைக்காவது படு."

ரதீஸ் மண்ணில் குப்புறப் படுத்தான். இரத்தம் வழிகிற வாயைத் திறந்தான். காதைப் பொத்தினான். முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கிக்கொண்டான். ஒரு பிழையும் இல்லாமல் அவ்வளவும் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அவன் நெஞ்சுக்கும் மண்ணுக்கும் நடுவில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று கிடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. ஓங்கிய கையோடு சிவமணி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவள் உண்மையாக அடிக்கத் தொடங்கினாள்.